நான் யாருக்கு முக்கியம்? மலையகத்துக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பகுதிகளான அட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து வாலிபர் ஐக்கியங்களிலும், ஜெபக்கூட்டம் முடிந்து பிளேன்டீ குடிக்கிற நேரத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே பெரும்பாலும் விட்டிருக்கிறேன். பதில்கள் எந்தச் சபையின் அதிகாரபூர்வப் போதனையும் அல்ல. கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே சபையார் எல்லோரும் ஏற்கக்கூடியதை முதலில் வைத்து, என் அபிப்பிராயம் வரும் இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன். வசனங்கள் பழைய தமிழ் வேதாகமத்திலிருந்து.

“நீ தேவனுடைய பார்வையில் விலையேறப்பெற்றவன்” என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறேன். திங்கட்கிழமை அது எங்கே போய்விடுகிறது?

திங்கட்கிழமை காலையிலிருந்து வேறு ஆட்கள் உங்களுக்கு விலை போட ஆரம்பித்துவிடுகிறார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசு ஒரு விலை போடுகிறது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு ஒரு விலை. கொழும்பில் கடை முதலாளி “தோட்டத்துப் பொடியன்தானே” என்று ஒரு விலை. கல்யாணத் தரகர் இன்னொன்று. ஞாயிறு கேட்ட ஒரே ஒரு வசனம் இத்தனை பேரோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

அந்த வசனத்தை மனதுக்கு இதமான ஒரு வார்த்தையாக மட்டும் எடுத்துக்கொண்டால் செவ்வாய்க்கிழமை வரைகூடத் தாங்காது. உங்களுக்கு விலை போடும் உரிமை யாருக்கு என்பதுதான் அங்கே பேசப்படுகிறது. ஆதியாகமம் 1:27 மனுஷனைத் தேவசாயலாகச் சிருஷ்டித்ததாகச் சொல்கிறது. பழைய எகிப்திலும் பாபிலோன் பக்கத்திலும் கடவுளின் சாயல் என்ற பட்டம் அரசனுக்கு உரியது. செங்கல் அறுத்தவனுக்கும் மாவு அரைத்தவளுக்கும் அந்தப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை. ஆதியாகமம் அதை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் என்று தனியாகவும் சொன்னது. உங்களுக்கு அன்றைக்கு அப்படித் தோன்றுகிறதா இல்லையா என்பதால் இது மாறுவதில்லை.

எங்க அம்மா கலியாணம் முடிச்சு வந்த நாள்ல இருந்து கொழுந்து எடுக்கிறாங்க. கிலோ குறைஞ்சா அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் போடுறாங்க. கடவுள் முன்னால அவங்க வேலைக்கு என்ன மதிப்பு?

மத்தேயு 20ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமை. ஓய்வுநாள் பாடசாலையில் “கடைசி நேரத்தில் மனந்திரும்பினாலும் பரலோகம் உண்டு” என்று இதைச் சுருக்கி முடித்துவிடுவார்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் இந்தக் கதை முழுக்க நாட்சம்பளத்தைப் பற்றியது.

தோட்டத்துச் சொந்தக்காரன் அதிகாலையில் போய் ஆட்களைக் கூப்பிடுகிறான். நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேச்சு. பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளிலும் போகிறான். பதினோராம் மணி, அதாவது நம் கணக்கில் பின்னேரம் ஐந்து மணி, அப்போதும் சிலர் கடைத்தெருவில் நிற்கிறார்கள். “ஏன் பகல் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள்” என்று கேட்கிறான். “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்கிறார்கள். நாள்கூலிக்கு ஆள் பிடிக்கிற இடத்தில் கடைசி வரை மிஞ்சுகிறவர்கள் யார் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயசானவர்கள், இடுப்பு வலிக்காரர், போன வாரம் கங்காணியோடு வாய்ச்சண்டை போட்டவர்.

சாயங்காலம் காரியக்காரனைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்கச் சொல்கிறான். ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரு முழுப் பணம். அரைப்பேர் போட எல்லா நியாயமும் இருந்த இடத்தில் முழுப்பேர் போடப்படுகிறது. ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் ஒரு நாளை ஓட்டுவதற்கான கூலி. கூடையில் எத்தனை குலை விழுந்தது என்று பார்க்காமல், ராத்திரி அந்த வீட்டில் அடுப்பு எரியுமா என்று பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறான்.

ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதை வாசித்தபோது ஒரு அக்கா கேட்டார்: “அப்ப மறுநாள் காலையில எவ வேலைக்குப் போவா?” எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. இயேசு சம்பளத் திட்டம் போடவில்லை, கடவுள் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறார். அவர் முன்னால் உங்கள் அம்மாவின் மதிப்பு செக்ரோலில், அந்த வேலைநாள் பதிவேட்டில், விழுந்த பேருக்கு ஏற்ப ஏறி இறங்குவதில்லை. கை நடுங்கத் தொடங்கிக் கிலோ குறையும் வயசிலும் அதே மதிப்புதான்.

வேலைக்கும் மதிப்பு இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் கொழுந்து எடுப்பதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும், எதைக் கிள்ளுவது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது என்று கண் போகும் முன்னே விரல் முடிவெடுக்கிறது. பனியில் தலையில் போர்த்திய கொங்காணி நனைந்து பாரம் ஏறிய பிறகும் அந்த வேகம் குறையாது. மனுஷனை ஏதேனில் வைத்தபோதே “பண்படுத்தவும் காக்கவும்” என்று வேலை கொடுக்கப்பட்டது (ஆதி. 2:15). செடியைப் பார்த்துக்கொள்வது சாபத்துக்குப் பிறகு வந்த தண்டனை அல்ல. இருந்தாலும், வேலையே ஜெபம் என்று நிர்வாகப் பக்கத்திலிருந்து யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அப்படியென்றால் சம்பளம் கேட்டுப் போராடுவது விசுவாசக் குறைவா? “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள்.

யாக்கோபு 5:4ஐ அந்தச் சபையில் எப்போதாவது பிரசங்கத்துக்கு எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். “உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” என்று இருக்கிறது. பிடித்த கூலியே கத்துகிறதாம், அந்தச் சத்தம் கடவுளின் காதுக்கு எட்டிவிட்டதாம். அவர் கேட்டுக்கொண்டிருக்கிற ஒன்றை நாம் மட்டும் பேசக் கூடாது என்பது எந்த வேதத்தில் இருக்கிறது?

தன்னைத் தானே மட்டமாக நினைக்கிறவன் கேட்கவே மாட்டான். ஒரு நாளுக்கு 1,000 ரூபாய் என்ற தொகைக்கு எத்தனை வருஷம் ஆர்ப்பாட்டம், எத்தனை பேச்சுவார்த்தை. 2021இல்தான் அது கிடைத்தது. அப்படி ரோட்டில் நின்றவர்களில் கழுத்தில் ஜெபமாலை போட்டவர்களும் திருநீறு பூசியவர்களும் இருந்தார்கள். குருமாரிலும் இந்தப் பக்கம் நின்றவர்கள் உண்டு. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கித் தோட்ட மக்களின் குடியுரிமை, கூலி, வீடு பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசினார், எழுதினார். தமிழரும் சிங்களவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சம்பளம் கூடிய பிறகுதான் நான் மனிதன் என்று நினைக்க ஆரம்பித்தால், பேச்சுவார்த்தை முறிந்த அன்று மனசும் முறிந்துவிடும். ஏற்கெனவே மதிப்புள்ளவர் என்பதால்தான் கேட்கிறீர்கள்.

கிறிஸ்தவம் வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்த மதம்தானே? நம்மை அடக்கி வைத்தவர்களின் சாமியிடம் நமக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

பாதி உண்மை. தோட்டத் தமிழரிடையே சுவிசேஷம் சொல்லவென்றே 1854இல் அங்கிலிக்கத் திருச்சபை மிஷன் ஒன்று கண்டியை மையமாக வைத்து வேலையைத் தொடங்கியது. அதன் பெயரிலேயே “தமிழ்க் கூலி” என்று இருந்தது, பிறகுதான் மாற்றினார்கள். கோப்பித் தோட்டத் துரைமார் பலர் அதற்குப் பணம் கொடுத்தார்கள். ஆத்தும அக்கறையோடு கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள், ஒழுங்காக வேலைக்கு வருகிற ஆட்கள் வேண்டும் என்று கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் கல்லால் கட்டிய பழைய கோயில்களைப் பாருங்கள். சுவரில் பதித்த நினைவுக் கற்களில் துரைமார் பெயர்களே இருக்கின்றன. பக்கத்து மலையில் கோப்பியும் தேயிலையும் நட்டுச் செத்தவர்களுக்கு ஒரு கல்லும் கிடையாது. இதை மழுப்பிப் பேசத் தேவையில்லை.

மற்றப் பாதி அதற்கும் முந்தையது. துரைமார் இந்த மலைக்கு வருவதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முன்னால், 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் என்ற குரு தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். கரையோரம் அப்போது ஒல்லாந்தர் கையில். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கத்தோலிக்கக் குருவைக் கண்டால் பிடிப்பார்கள். அதனால் அவர் கூலியாள் வேஷத்தில் வந்தார். தமிழும் சிங்களமும் படித்தார். கண்டிக்கு வந்ததும் ஒற்றன் என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். 1697இல் கண்டியில் அம்மை பரவி ஆட்கள் நோயாளிகளை விட்டு ஓடியபோது இவர் தங்கிக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டார். 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

மலைநாட்டுக்குக் கிறிஸ்து இரண்டு வழியாக வந்திருக்கிறார்: குதிரையிலும் வந்தார், கூலி வேஷத்திலும் வந்தார். பெத்லகேமில் மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவருக்கு எந்த வழி பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது” என்று பவுல் எழுதியிருக்கிறாரே. அப்புறம் ஏன் அடையாள அட்டை, காணி, முகவரி என்று அலைய வேண்டும்?

பவுல் அந்த வரியைப் பிலிப்பியில் இருந்த சபைக்கு எழுதினார். அதே பிலிப்பியில் அவருக்கு முன்னொரு நாள் என்ன நடந்தது என்பது அப்போஸ்தலர் 16இல் இருக்கிறது. விசாரணை இல்லாமல் பகிரங்கமாக அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டி, சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் அதிகாரிகள் சத்தமில்லாமல் போகச் சொன்னார்கள். பவுல் போகவில்லை. “ரோமராகிய எங்களை” விசாரிக்காமல் அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். வந்தார்கள், பயந்துபோய். பரலோகக் குடியிருப்பைப் பற்றி எழுதிய அதே மனிதர் கையில் இருந்த குடியுரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

நம் பாட்டன்மாருக்கு அப்படிச் சொல்ல ஒரு நாடே இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். தலைமன்னார்க் கப்பலில் ஏறிய அக்காவும் இங்கே நின்றுவிட்ட தம்பியும் பிறகு சந்திக்காமலே போன குடும்பங்கள் எத்தனை. மீதமிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரை சட்டம் வர வேண்டியிருந்தது.

எபேசியர் 2:19 “நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல்” என்று தொடங்கி “தேவனுடைய வீட்டார்” என்று முடிகிறது. அந்நியர் என்று அரச பத்திரத்திலேயே எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதை வாசிக்கும்போது வேறு மாதிரித்தான் கேட்கும். வீட்டார் என்று எண்ணப்பட்டவருக்குத் தபால்காரன் தேடி வர ஒரு முகவரி வேண்டும் என்று கேட்பதில் என்ன பாவம்? அலையுங்கள், படிவத்தை நிரப்புங்கள், கிராம சேவகரிடம் திரும்பத் திரும்பப் போங்கள்.

நான் வெளிநாட்டில வீட்டு வேலை செஞ்சுட்டு வந்தேன். அங்க என் பேரைச் சொல்லி யாருமே கூப்பிட்டதில்ல. இங்க வந்தா ஊர்ல வேற கதை கட்டுறாங்க. நான் யாருக்கு முக்கியம்?

அக்கா, ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில் உங்களைப் போல ஒருத்தி இருக்கிறாள். ஆகார். எகிப்துக்காரி, வேறு தேசத்து வீட்டில் வேலைக்கு இருந்தவள். எஜமானிக்குப் பிள்ளை இல்லை என்று அவளைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவளைக் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அந்த அதிகாரத்தில் எஜமான் ஆபிராமும் எஜமானி சாராயும் பேசும் இடங்களைக் கவனியுங்கள். “என் அடிமைப்பெண்”, “உன் அடிமைப்பெண்”. ஒரு தடவைகூட அவள் பேரை அவர்கள் வாயால் சொல்வதில்லை. கொடுமை தாங்காமல், வயிற்றில் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். அங்கே ஒரு நீரூற்றுப் பக்கத்தில் அவளை “ஆகாரே” என்று கூப்பிடுகிறவர் கர்த்தருடைய தூதர். கூப்பிட்டுவிட்டுப் புத்தி சொல்லவில்லை, முதலில் கேள்வி கேட்கிறார்: எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய்? அவள் கதையை அவளிடமே கேட்ட முதல் ஆள்.

அவள் திரும்பக் கடவுளுக்கு ஒரு பேர் வைக்கிறாள். “நீர் என்னைக் காண்கிற தேவன்.” வேதாகமத்தில் கடவுளுக்குப் பேர் வைத்த முதல் ஆள் ஒரு தீர்க்கதரிசி அல்ல, வீட்டு வேலையிலிருந்து தப்பி ஓடிய ஒரு பெண்.

இதில் கஷ்டமான ஒரு பகுதி இருக்கிறது, அதைத் தாண்டிப் போக மாட்டேன். தூதர் அவளை அந்த வீட்டுக்கே திரும்பிப் போகச் சொல்கிறார். அடிபட்டு ஓடி வந்த பெண்களைத் திருப்பி அனுப்ப இந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு வரும் ஊழியர்கள் உண்டு. தப்பு. கர்ப்பிணி தனியே பாலைவனத்தில் சாகக் கூடாது என்பதற்கான அன்றைய வழி அது என்றே நான் வாசிக்கிறேன். 21ஆம் அதிகாரத்தில் அவள் அந்த வீட்டை விட்டு வெளியேறியே விடுகிறாள். துருத்தித் தண்ணீர் தீர்ந்து பிள்ளை சாகக் கிடக்கும்போது கடவுள் அங்கேயும் வந்து கிணற்றைக் காட்டுகிறார். கடைசியில் தன் மகனுக்குத் தன் நாட்டிலிருந்தே பெண் எடுத்துக் கல்யாணம் முடித்து வைக்கிறாள். அடிமையாக நுழைந்தவள் ஒரு குடும்பத் தலைவியாக அந்தக் கதையை விட்டுப் போகிறாள்.

ஊர்க் கதை பற்றி: நீங்கள் அனுப்பிய காசில் கூரைத் தகரம் மாற்றியவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் கதையைக் குறுக்கே பேசாமல் கேட்கிற ஒருத்தரைத் தேடுங்கள், அது குருவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

உயர்தரத்தில் மூன்றிலும் பெயில். வருஷப் பிறப்பு ஆராதனையில் எனக்கு விழுந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. தேவன் எனக்கு ஒரு பெரிய திட்டம் வைத்திருக்கிறாரா இல்லையா?

டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில் அந்த வசனம் எத்தனை பேர் கைக்குப் போகிறது தம்பி! அட்டையில் ஒரு வசனம்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்து 5ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள்.

அது எரேமியா எழுதிய ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் பாபிலோனில் குடியேற்றப்பட்டவர்களுக்கு எழுதியது. சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும், வீட்டுக்குப் போய்விடலாம் என்று சில தீர்க்கதரிசிகள் அங்கே உசுப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். எரேமியா எழுபது வருஷம் ஆகும் என்கிறார். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், கல்யாணம் முடியுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். இத்தனைக்கும் பிறகுதான் 11ஆம் வசனம் வருகிறது. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அது ஒரு ஆளுக்குச் சொன்ன எதிர்கால ஜாதகம் இல்லை. கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஒரு ஜனத்துக்கு எழுதியது போல நமக்குக் கேட்டால் அது தற்செயல் அல்ல.

ஆகவே, பெயில் ஆனதால் திட்டம் கெட்டுப்போகவும் இல்லை, பாஸாகியிருந்தால் நிறைவேறியிருக்கும் என்றும் இல்லை. பெரிய அழைப்பு, பெரிய ஊழியம், பெரிய தரிசனம் என்று பேசிப் பேசி இளம் பிள்ளைகளின் தலையில் நாம் இன்னொரு பரீட்சையை ஏற்றிவிட்டோம் என்பது என் குறை. இயேசுவே முப்பது வயசு வரைக்கும் நாசரேத்தில் தச்சு வேலை செய்துகொண்டிருந்தார்.

இனி நடக்க வேண்டியது: திரும்ப எழுதலாமா, எந்தப் பாடத்தில் எவ்வளவு புள்ளி குறைந்தது என்று படிப்பித்த ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம் போடுங்கள். கொழும்புக் கடைக்குப் போவதென்றால் போங்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் வெட்கத்தால் ஊரை விட்டு ஓடுவதற்காகப் போக வேண்டாம்.

ஜெபம் பண்ணினாலும் ஒன்றும் உணர்வதில்லை. பாட்டு நேரத்தில் எல்லோரும் அழுகிறார்கள், நான் மட்டும் மரம் மாதிரி நிற்கிறேன். நான் உண்மையான கிறிஸ்தவனா?

ஆம். கண்ணீர் சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு வராது. சங்கீதம் 13 “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வரிகூடக் கிடையாது. அவற்றையும் சேர்த்துத்தான் வேதாகமம் கட்டியிருக்கிறார்கள்.

ஆராதனையில் எல்லோரும் சகோதரர். கல்யாணப் பேச்சு வந்தால் சாதி கேட்கிறார்கள். இதில் எது உண்மை?

கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28ஐச் சுவரில் எழுதித் தொங்கவிட்ட வீட்டிலேயே இது நடக்கிறது. லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு பார்க்கிற வித்தியாசம் இது. ஞானஸ்நானத் தண்ணீர் எல்லோர் தலையிலும் ஒரே தண்ணீர்தான். அதற்குப் பிறகும் சாதி பார்ப்பவர் தான் பெற்ற ஞானஸ்நானத்தைத் தானே மறுக்கிறார். இதில் பெரியவர்களை நோகடிக்காமல் பேச வழி தேடி அலுத்துவிட்டேன், ஆகையால் நேராகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம், நான் மட்டும் சபைக்குப் போகிறேன். மாரியம்மன் திருவிழாவுக்கு வரவில்லை என்று அப்பா பேசுவதில்லை.

மலையகத்தில் பெரும்பாலானவர்கள் சைவர்கள்தான். கோயில் திருவிழா என்பது தோட்டத்தையே ஒன்று சேர்க்கிற நாள். உங்கள் அப்பா வரிப்பணம் கொடுத்து, தேருக்கு வடம் பிடித்து, அந்த ஊரில் தனக்கு ஒரு இடம் இருக்கிறது என்று காட்டிக்கொள்வதும் அன்றைக்குத்தான். மகன் வராமல் நின்றால் அவருக்கு அது தன் மரியாதை போனதாகத் தெரியும். அதைப் புரிந்துகொள்ளாமல் “சாத்தான்” என்று பேசுவது சுவிசேஷம் அல்ல, வாய்க்கொழுப்பு.

பூசையில் சேர்வதா வேண்டாமா என்பதில் உங்கள் மனச்சாட்சிப்படி செய்யுங்கள், சபைகளும் இதில் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. ஆனால் முதல் நாள் பந்தல் போடவும், வாழை கட்டவும், சமைத்த அண்டாவைக் கழுவவும் ஆள் தேவை. அப்பா கேட்காமலே அதற்குப் போய் நில்லுங்கள். தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளையில் கிறிஸ்தவத் தாய் தகப்பன் என்று எழுதவில்லை. பேரையும் மாற்றத் தேவையில்லை. முருகேசு என்று பெற்றவர்கள் வைத்த பேரிலேயே கடவுள் உங்களைக் கூப்பிடுவார்.

கடவுள் ஒவ்வொருவரையும் காண்கிறார் என்றால் மீரியபெத்தையில் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்?

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாகச் சொல்லும் பிரசங்கியாரை நான் நம்புவதுமில்லை.

இயேசுவிடமும் இப்படி ஒன்று வந்தது. லூக்கா 13இல் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிப் பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா? இல்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். ஆகவே “பாவத்துக்குத் தண்டனை” என்று எந்த மண்சரிவுக்குப் பிறகும் யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. மாற்று இடமும் வீடும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அங்கே கேட்க வேண்டிய ஏன்களில் சில கடவுளிடம் கேட்க வேண்டியவை அல்ல.

லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர்விட்டார் என்று யோவான் எழுதுகிறார். இன்னும் சில நிமிஷத்தில் எழுப்பப் போகிறவர், ஆனாலும் அழுதார். இழந்தவர்களின் வீட்டுக்குப் போகும்போது அதற்கு மேல் எதையும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஒரு வாளி சோறு தவிர.

சில நாட்களில் செத்துவிடலாம் போல இருக்கிறது. இதை சபையில் சொன்னால் விசுவாசம் இல்லை என்பார்கள்.

எலியா சொன்னார். 1 இராஜாக்கள் 19இல் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்றார். கடவுள் அவரைத் திட்டவில்லை. தூதன் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டார், திரும்பத் தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. பிறகுதான் பேச்சு.

நீங்கள் இன்றைக்கே ஒருத்தரிடம் சொல்லுங்கள். 1926 என்பது தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது, மருந்து எடுப்பது சீனி வருத்தத்துக்கு எடுப்பது போலத்தான், விசுவாசத்துக்கு விரோதம் இல்லை. லயத்தில் பூச்சி மருந்து, களைநாசினி போத்தல் இருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஐக்கியத்தில் யாராவது இப்படிப் பேசினால் உடனே கை வைத்து ஜெபிக்க ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், கூட இருங்கள், கிளினிக்குக்குத் துணைக்குப் போங்கள்.

இதையெல்லாம் வாசிக்க எங்கே தொடங்குவது? பழைய மொழிபெயர்ப்பு பாதி விளங்குவதில்லை.

மாற்கு. பதினாறே அதிகாரம், நான்கு சுவிசேஷங்களில் சிறியது. பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை எடுங்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது. பழையதன் ஓசை காதில் ஊறிய பாட்டிமாரோடு வாசிக்கும்போது இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் 5ஆம் அதிகாரத்தின் பின்பாதி. ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள், அவசரமாக இயேசுவைக் கூட்டிக்கொண்டு போகிறான். வழியில், பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கால் அவதிப்பட்டு, வைத்தியருக்கே காசெல்லாம் அழித்த ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து அவர் உடையைத் தொடுகிறாள். இயேசு நின்றுவிடுகிறார். யார் தொட்டது என்று கேட்கிறார். இத்தனை நெரிசலில் இது என்ன கேள்வி என்று சீஷர்களுக்கு எரிச்சல். யவீருவுக்கு எப்படி இருந்திருக்கும்! அவள் நடுங்கிக்கொண்டு வந்து முழுக்கதையையும் சொல்லி முடிக்கும் வரை அவர் நகரவில்லை. பிறகு “மகளே” என்கிறார்.

தனியாக வாசிக்காமல் மூன்று நாலு பேராக உட்காருங்கள். ஒருத்தர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்கட்டும். அப்போது வாசிக்கத் தெரியாத பெரியவர்களும் கண்ணாடி உடைந்தவர்களும் சேர்ந்துகொள்ளலாம். முதல் நாள் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். இந்தக் கதையில் நீ யார், அந்தப் பெண்ணா, யவீருவா, எரிச்சல்பட்ட சீஷனா, கூட்டத்தில் இடித்தவனா என்று மட்டும் ஒவ்வொருத்தரும் சொல்லட்டும்.